கூட்டாமல், குறைக்காமல்

புது தில்லி
15-2-2004

தங்கம் அம்மாவுக்கு மூக்கன் எழுதுவது.

இது யார் கையெழுத்து என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். என்னுடையதுதான் அம்மா. வைத்தி சார் எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். இந்த நீலக் காகிதத்தை வாங்கி ஒன்பது நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு நாலு வரி. ஐந்தாவது வரிக்குப் போனால் விரல் சொன்னபடி கேட்பதில்லை. நாற்பது வருஷம் கரண்டியும் சிமெண்டும் பிடித்த விரல். பேனா அதற்கு ரொம்ப மெலிசாக இருக்கிறது.

என் மருமகள் முத்துமாரி பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். "க்யா மாமா, பிரதம மந்திரிக்கா லெட்டர்? ஜல்தி முடிங்க, சாப்பாடு ஆறுது" என்கிறாள். அவள் தில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் இப்போது தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நீங்கள் போன பிறகு நம் தொண்டர் சங்கத்தில் ஒரு புது விதி போட்டார்கள். கைநாட்டு வைக்கிறவனுக்கு பேட்ஜ் கிடையாது. முன்பே இல்லாத பேட்ஜ் எனக்கு இனிமேலும் இல்லை என்று ஆகிவிட்டது, டாக்டர் அறைக்குள் என்னை விடுவதில்லை. சக்கர நாற்காலி தள்ளுகிறேன். எக்ஸ்ரே படம் தூக்குகிறேன். ஊரிலிருந்து ரயில் ஏறி வைத்தியத்துக்கு வருகிற நம் ஜனங்கள் குறையவே இல்லை. இந்தி தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அப்படியே நிற்கிறார்கள். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஆள் போதவில்லை. எனக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. எண்பத்திரண்டில் ஸ்டேடியம் கட்ட வந்த நாளிலிருந்து பேசுகிறேன். ஆனால் எழுத்து இல்லை. சரி, படித்துவிட்டால் போகிறது என்று வைத்தி சாரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அறுபத்தேழு. பக்கத்தில் உட்காருகிறவருக்கு எழுபத்தொன்று. நான்தான் வகுப்பில் சின்னப் பையன்.

அம்மா, தில்லியில் தமிழ் எழுத்து கிடைப்பது கஷ்டம். மலைமந்திர் கோயிலில் கிடைக்கும். எந்தக் கல்லை யார் உபயம் செய்தார்கள் என்று எல்லாவற்றையும் படித்துவிட்டேன். முனிர்காவில் ஒரு மெஸ் பலகையில் கிடைக்கும். அப்புறம் காலண்டர். எல்லாம் படித்து முடித்துவிட்டேன். இனிமேல் படிக்க எதுவும் இல்லை. நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும்.

உங்கள் வீட்டு சார் எப்படி இருக்கிறார்? தாராபுரத்தில் வெயில் தொடங்கிவிட்டதா? இங்கே குளிர் விடுகிறது.

இப்படிக்கு
மூக்கன்
(இதைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன்.)


தாராபுரம்
4-3-2004

பெரியவர் மூக்கன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். பிறகு என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம மூக்கனா? சும்மா சொல்லாதே" என்றார். கையெழுத்தைக் காட்டினேன். வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். உங்களுக்குப் படிக்க வேண்டும் என்றீர்களே, அதற்காகவே எழுத்தைப் பெரிதாகவும் பிரித்தும் எழுதுகிறேன்.

சங்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் வேகமாகத் தாண்டிப் போனேன். தப்பாக நினைக்காதீர்கள். பதினொரு வருஷம் செவ்வாயும் வெள்ளியும் ஆர்.கே.புரத்திலிருந்து பஸ் பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவள் நான். என்னை மூன்று வரியில் நீக்கினார்கள். அந்தக் காகிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இவர் ரிடையராகி நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று சங்கத்திலிருந்து ஒருவரும் ஸ்டேஷனுக்கு வரவில்லை. நீங்கள் மட்டும் வந்தீர்கள். பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனீர்கள். அதை மறக்கவில்லை.

ஒரு உதவி கேட்கலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். இங்கே ஒரு குழு இருக்கிறது. வைத்தியம் பலிக்காது என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்ட நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். புண் கழுவுவது, மருந்து கொடுப்பது, கூட உட்கார்ந்திருப்பது. எனக்கு அதில் சேர வேண்டும். முன்பு தொண்டு செய்த இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்கிறார்கள். நல்ல விதிதான், படுத்திருக்கிறவர்களின் வீட்டுக்குள் யாரையோ விட முடியாது. செயலாளர் ராஜாராமன் சாருக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. ஆகஸ்டில் புதியவர்களை எடுக்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை நேரில் கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் எதுவும் பேச வேண்டாம்.

தங்கம்


புது தில்லி
30-3-2004

தங்கம் அம்மாவுக்கு மூக்கன் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படிக்க ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. பெரிதாக எழுதியதற்கு நன்றி.

எனக்கு பேட்ஜ் கொடுத்துவிட்டார்கள். பச்சை. தமிழில் மூக்கன் என்று இருக்கிறது. சட்டையைக் கழற்றிய பிறகும் ஒருமுறை படித்தேன். பேட்ஜோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் தலைப்பு, தொண்டரின் உரிமைகள். இரண்டாம் பக்கத்தில், தொண்டரின் பொறுப்புகள். ஒரு நாளைக்கு ஒரு விதி என்று படிக்கிறேன்.

எனக்கு உரிமை என்று ஒரு காகிதத்தில் யாரும் எழுதி இதுவரை பார்த்ததில்லை அம்மா. வேலைக்கு முன் அந்த வேலை என்னவென்று விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருக்கிறதாம். நாலாவது விதியைப் பாருங்கள்: "தன்னால் இயலாத பணியைத் தொண்டர் மறுக்கலாம். மறுத்ததற்காக அவரைக் குறை கூறலாகாது." முடியாது என்று சொல்லலாமாம்! நாற்பது வருஷம் மேஸ்திரியிடம் அதைச் சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆறாவது விதிக்கு வந்தபோதுதான் எழுந்து நின்றேன். "ஒரு தொண்டரை நீக்கும் முன் அவர் தரப்பைக் குழு கேட்க வேண்டும்." உங்களைக் கேட்டார்களா? நீங்கள் மூன்று வரி என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டார்கள் என்று எழுதவில்லை.

ராஜாராமன் சாரிடம் போனேன். நீங்கள் சொன்னபடி ஒரு வார்த்தைதான் கேட்டேன். "பதிவேட்டுல நீக்கம்னு இருக்கு மூக்கன். நல்லவங்கன்னு நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்? நாளைக்கு யாராவது கேட்டா?" என்றார். "அம்மாவ விசாரிச்சீங்களா சார்?" என்றேன். "அந்த அம்மா வாயே திறக்கல. திறக்காதவங்கள என்ன விசாரிக்கிறது? அச்சா, நீ பேட்ஜ ஒழுங்கா குத்திக்கோ, சாயுது பாரு" என்றார்.

ஏன் வாய் திறக்கவில்லை அம்மா?

இரண்டாம் பக்கத்தை இன்னும் திருப்பவில்லை.

மூக்கன்


தாராபுரம்
18-4-2004

பெரியவரே,

ஒரு வார்த்தைக்கு மேல் பேச வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இப்போது பதில் சொல்லாமல் விட்டால் இன்னும் நாலு பேரிடம் கேட்பீர்கள். அதனால் சொல்கிறேன். இதோடு விட்டுவிடுங்கள்.

2002 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மூலனூர் பக்கத்திலிருந்து வந்த லட்சுமணனும் அவர் சம்சாரம் பாப்பம்மாளும் டாக்டருக்காக உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவசரப் பிரிவில் ஒரு பிள்ளைக்காரிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பாப்பம்மாளின் நம்பர் வந்துவிட்டது. உங்களுக்கு அப்போது பேட்ஜ் இல்லை. பேட்ஜ் இல்லாமல் டாக்டர் அறை வாசலில் காவல்காரன் விடமாட்டான். என்னுடையதைக் கழற்றி உங்கள் சட்டையில் குத்தி, "போய்ப் பேசிடுங்க, வந்துடறேன்" என்று அனுப்பினேன். நான் வருவதற்குள் நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள். பதிவேட்டில் எப்போதும்போல உங்களுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு மை எல்லாப் பக்கத்திலும் அப்பிக்கொள்கிறது என்று நாம் பழக்கிக்கொண்ட வழி அது.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வெளிச்சுவர் ஓரம் நடைபாதையில் இறந்துபோனார். லட்சுமணன் சங்கத்துக்கு வந்து, "பச்ச பேட்ஜு போட்டவங்க ஒரு மாசத்துல வரச் சொன்னாங்க, அதான் காத்திருந்தோம்" என்று சொல்லியிருக்கிறார். டாக்டரின் சீட்டில் வீட்டுக்கு அழைத்துப் போகவும் என்றுதான் இருந்தது. பதிவேட்டில் என் பெயர். பேட்ஜிலும் என் பெயர். சொன்னது ஆணா பெண்ணா என்றுகூட ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

அந்த அம்மாள் இறந்த அன்றே நான் உங்களைக் கேட்டேன், நினைவிருக்கும். "டாக்டரு சொன்னதத்தான் சொன்னேன்" என்றீர்கள். நம்பினேன். பிறகு குழுவுக்கு முன்னால் உங்களைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரை அவர்கள் என்ன பாடு படுத்துவார்கள் என்று தெரியும். கேட்காதவர்களிடம் நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்ற வீம்பும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. நீங்கள் சேர்ந்த அன்று கைநாட்டு வாங்கியது நான்தான். அதே விதித்தாள் உங்கள் முன்னால் இருந்தது. "என்ன தாயி இது?" என்று கேட்டீர்கள். "வழக்கமான காகிதம்தான், வைங்க" என்றேன். படித்துக் காட்ட ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

சரி, முதல் பக்கத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டீர்களே, இரண்டாம் பக்கத்தையும் படியுங்கள். எல்லா உரிமையையும் வாங்கிக்கொண்டு பாதியில் எழுந்து போகக் கூடாது.

தங்கம்


புது தில்லி
23-5-2004

தங்கம் அம்மாவுக்கு மூக்கன் எழுதுவது.

இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். அதில் இரண்டாவது விதி இது. பார்த்துத்தான் எழுதுகிறேன். "மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல், குறைக்காமல் நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும்."

அதற்கு அடுத்த விதியை நான் இன்னும் படிக்கவில்லை. ஒரு மாதமாக இந்த இடத்திலேயே நிற்கிறேன்.

அம்மா, நான் உங்களிடம் பொய் சொன்னேன். டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை.

அன்றைக்கு அந்த அறையில் பாப்பம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். லட்சுமணன் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் கா ஃபாய்தா நஹீ. கர் லே ஜாயியே. ஏக் மஹீனா, பஸ்" என்றார். அறுத்துப் பிரயோஜனம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஒரு மாதம்தான். அவர் இதை லட்சுமணனைப் பார்த்துச் சொன்னார். ஆனால் பாப்பம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்தாள்.

என் சம்சாரம் பொன்னியை நீங்கள் பார்த்ததில்லை. தொண்ணூற்றொன்றில் அதே ஆஸ்பத்திரி. அப்போது சங்கமும் தெரியாது, யாரும் தெரியாது. டாக்டர் சொன்னதை நானே அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டாள், சொல்லிவிட்டேன். ஒரு சொல் விடவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்புறம் சாப்பிடவில்லை. பதினாறு நாள். டாக்டர் கொடுத்த நாளில் பாதிகூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் பாப்பம்மாள் முகத்தைப் பார்த்து நான் சொன்னது: "வீட்டுக்குப் போயி மாத்திர சாப்பிடுங்க. ஒரு மாசம் கழிச்சி வரச் சொல்றாரு." டாக்டர் சொன்ன ஒரு மாதத்தை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டேன். அவள் சிரித்தாள். லட்சுமணன் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்து இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஊருக்குப் போய்விடுவார்கள், சொந்த ஜனத்தின் நடுவில் போய்ச் சேர்வாள், நல்ல காரியம்தான் செய்தோம் என்று நினைத்தேன்.

அவர்கள் ஊருக்குப் போகவில்லை. இரண்டு நாள் ரயிலில் போய், ஒரு மாதத்தில் திரும்பவும் இரண்டு நாள் ரயிலில் அந்த உடம்பை யார் கொண்டுவருவார்கள்? ஒரு மாதம்தானே என்று நடைபாதையிலேயே தங்கிவிட்டார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை. தில்லிக்கு வந்து நானே நாலு மாதம் ரோட்டில் படுத்தவன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. இதை எழுதாமல் மடிக்கப் பார்த்தேன். பதினோராவது நாள் நான் அவர்களைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் லட்சுமணன் ஸ்டவ்வில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அவள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் திரும்பி அடுத்த கேட் வழியாக உள்ளே போனேன். அதற்குப் பிறகு எப்போதும் அடுத்த கேட்தான்.

முதல் பக்கத்து நாலாவது விதி தெரிந்திருந்தால், "இத என்னால சொல்ல முடியாது, அம்மாவ கூப்பிடுங்க" என்று சொல்லியிருப்பேன். தெரியவில்லை. ஆனால் அந்த கேட்டில் திரும்பிப் போனதற்கு விதி தெரியாது என்று சொல்ல முடியாது.

உங்கள் பேட்ஜ் என் சட்டையில் இருந்தது. அதில் எழுதியிருந்தது உங்கள் பெயர் என்று நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

மூக்கன்


தாராபுரம்
6-6-2004

மூக்கன்,

பாப்பம்மாள் இறந்த அன்று வண்டி பிடித்துக் கொடுத்தது நான். சுடுகாட்டுக்குக் கூடப் போனது நான். லட்சுமணன் என்னைப் பார்த்து, "ஒரு மாசமுன்னு சொன்னாங்களே அம்மணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க ஆளுங்க அப்படிச் சொல்லவே மாட்டாங்க. நீங்கதான் சரியா காதுல வாங்கல" என்றேன். பொண்டாட்டியை எரித்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் சொன்னேன். உங்களை நம்பிச் சொன்னேன்.

என் பெயர் போனது போகட்டும். அந்த வார்த்தையை நான் எங்கே போய்த் திருப்பி எடுப்பேன்?

இப்போதைக்கு எழுத வேண்டாம்.

தங்கம்


புது தில்லி
14-7-2004

தங்கம் அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது செய்தி சொல்ல வேண்டிய கடிதம், அதனால் எழுதுகிறேன். கோபம் தீர்ந்திருக்காவிட்டால் கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள்.

சென்ற ஞாயிறு குழு கூடியது. நான் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். என் முதல் மனு. எல்லாவற்றையும் சொன்னேன். பேட்ஜ், பதிவேடு, டாக்டர் அறை, கேட். பிறகு ராஜாராமன் சார் சொன்னார்:

"முடிஞ்சு போன விஷயம் மூக்கன். இப்ப எதுக்கு இத கிளறணும்?"

"ஆறாவது விதி படிக்கட்டுங்களா சார்?"

"யோவ், விதிய எழுதினவனே நான்தான்யா."

"எழுதினீங்க சார். தங்கம் அம்மாவ நீக்கின அன்னிக்கிப் படிக்கல."

பின்னால் வைத்தி சார் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். ராஜாராமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை அம்மா. "அந்தம்மாகிட்ட ஒரு தடவ கேட்டிருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

உங்கள் மேல் போட்ட நீக்கத்தை ரத்து செய்து எழுதினார்கள். நீங்கள் அவருக்கு அனுப்பிய விலாசத்தைப் பார்த்து தாராபுரம் குழுவுக்குக் கடிதம் போட்டார்கள். அது தபாலில் விழுந்ததை நானே பார்த்தேன். உங்களிடம் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் தனியாக வரும். இனிமேல் கைநாட்டு வைக்கிறவருக்கு இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டிய பிறகுதான் வாங்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். அது நான் கேட்டது. உங்கள் கடிதத்திலிருந்து எடுத்தது.

என் விஷயம் வந்ததும், "பெரியவர், வயசானவர், வாயால எச்சரிச்சா போதும்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "தங்கம் அம்மாவுக்கு எழுத்துல குடுத்தீங்க. எனக்கும் எழுத்துல குடுங்க. நான் படிப்பேன்" என்றேன். கொடுத்தார்கள். எனக்கு நாலு வரி. அங்கேயே படித்தேன். நீக்கப்படுகிறார் என்ற சொல்லை எழுத்துக் கூட்டத்தான் கொஞ்ச நேரம் ஆனது. எல்லோரும் காத்திருந்தார்கள். பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தேன். சக்கர நாற்காலி தள்ளுவதற்கு பேட்ஜ் வேண்டியதில்லை என்றால் தள்ளுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

கடைசி விஷயம். லட்சுமணனுக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வேலாங்காட்டுவலசு, மூலனூர் வழி. விலாசத்தைப் பதிவேட்டிலிருந்து எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தபாலில் போட்டால் தெருவில் போகிற யாராவது படித்துச் சொல்வார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் பாதியை விழுங்கிவிடுவார்கள். எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் போய்ப் படித்துக் காட்டுங்கள். கூட்டாமல், குறைக்காமல். அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதி அனுப்புங்கள். உங்களால் முடியாது என்றால் மறுக்கலாம். அது நாலாவது விதி.

மூக்கன்


தாராபுரம்
9-8-2004

பெரியவர் மூக்கன் அவர்களுக்கு,

போனேன்.

மறுக்கலாம் என்று இரண்டு வாரம் யோசித்தேன். உங்கள் கடிதத்தை மட்டும் படிக்க வேண்டியிருந்தால் மறுத்திருப்பேன். சுடுகாட்டில் நான் சொன்ன வார்த்தை ஒன்று அங்கே கிடக்கிறது. அதை எடுக்க நான்தான் போக வேண்டும்.

மூலனூரிலிருந்து ஷேர் ஆட்டோ. லட்சுமணன் வெள்ளாட்டுக்குட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "டெல்லி அம்மணியுங்களா? வாங்க, உக்காருங்க" என்று கட்டிலைத் தட்டிப் போட்டார். அவர் மகள் அருக்காணி வாசற்படியோடு நின்றாள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஆடி நோன்புக்கு வந்திருந்தாள். அப்பாவோடு அவள் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியாது. சோறு போட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவைப்பாளாம், அவ்வளவுதான். "எங்கம்மாவ ஊருக்குக் கூட்டியாராம ரோட்டுல சாவ வுட்டவரு" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

முதலில் என் வார்த்தையைச் சொன்னேன். நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். பிறகு உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டில் திரும்பிப் போன இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியை முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்தப் பெரியவருங்களா? டீ வாங்கிக் குடுத்தாரே, அவரா?"

ஆமாம் என்றேன்.

"நானு ரெண்டு வருசமா, எனக்குத்தான் வெளங்கலியாட்டம் இருக்குது, பாவிப்பய நாந்தான் கொன்னுபோட்டேன்னு கெடந்தனுங்க. அப்ப எனக்கு வெளங்குச்சுங்களா அம்மணி?"

விளங்கியது என்றேன். அவர் மகள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா அருக்காணி? ஒரு மாசமுன்னுதான் சொன்னாங்க" என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். சொம்பில் மோர் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு டம்ளர். இன்னொன்றைக் கீழே வைத்து நகர்த்தாமல் அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

நான் கிளம்பும்போது, பெரியவருக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"ஊருக்கு வந்திருந்தா அருக்காணி கையில ஒரு வாயி தண்ணி குடிச்சிருப்பா. கடசி வரைக்கும் அருக்காணி எங்கே அருக்காணி எங்கேன்னுதான் கேட்டுட்டுக் கெடந்தா. அது போச்சுங்க. அத எழுதுங்க. மன்னிச்சுட்டேன்னு எழுதீராதீங்க. நானு அப்பிடிச் சொல்லல."

இவ்வளவுதான் அவர் சொன்னது.

என்னைக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்குப் போய்வந்தேன். போவதற்கு முன் அவர்களுடைய விதித்தாளை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் எழுதுங்கள்.

தங்கம்


புது தில்லி
29-8-2004

தங்கம் அம்மாவுக்கு மூக்கன் எழுதுவது.

கடிதம் வந்த அன்று வைத்தி சார் பக்கத்தில் இருந்தார். நான் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதைப் பார்த்து, "குடுய்யா, நான் படிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். மூன்று நாள் ஆனது. நானே படித்தேன்.

வைத்தி சார் ரொம்ப நல்லவர். அவர் படித்திருந்தால் லட்சுமணன் சொன்ன அந்தக் கடைசி வரியை எனக்குப் படித்திருக்க மாட்டார்.

மூக்கன்